பெயர் கேட்டு மூடும் கதவுகள்

2009-ஆம் ஆண்டில், பிரான்ஸ் தேசத்து வேலைவாய்ப்பு நிலையத்தின் மூலமாக ஆள் தேடிக்கொண்டிருந்த பல நிறுவனங்களுக்குக் கதீஜா தியூஃப் என்ற பெயரிலும் மரி தியூஃப் என்ற பெயரிலும் விண்ணப்பங்கள் வந்து சேர்ந்தன. இருவரும் பிரெஞ்சுப் பிரஜைகள். இருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்றே, அதுவும் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனகல் நாட்டுப் பெயர். படிப்பிலும் அனுபவத்திலும் ஒருவருக்கு மற்றவர் ஒரு குன்றிமணியும் குறைந்தவர் அல்லர். முதற்பெயர் வேறு, முன்பு வேலை பார்த்த தர்ம ஸ்தாபனம், ஒருத்திக்கு இஸ்லாமிய உதவிச் சங்கமாகவும் மற்றவளுக்குக் கத்தோலிக்க உதவிச் சங்கமாகவும் இருந்தது, ஓய்வு நேரத்தில் தொண்டு செய்த சாரணர் இயக்கமும் அவ்வாறே மதத்தால் வேறுபட்டது. இவ்வளவுதான் வித்தியாசம். மரி அனுப்பிய மனுக்களில் நூற்றுக்கு 21 மனுக்களுக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. கதீஜா அனுப்பியவற்றில் நூற்றுக்கு 8 மனுக்களுக்கே வந்தது.

இந்த இரு பெண்களும் உலகத்தில் எங்கும் பிறந்து வளர்ந்தவர்கள் அல்லர்; கிளேர் அடிடா, டேவிட் லெயிட்டின், மரி ஆன் வால்ஃபோர் என்னும் மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு நுட்பமான கேள்விக்கு விடை காண்பதற்காகக் கற்பனை செய்த விண்ணப்பதாரர்கள். அவர்கள் செனகலைத் தேர்ந்தெடுத்ததில்தான் இந்தப் பரிசோதனையின் மேதைமை அடங்கியிருக்கிறது என்பேன். பிரான்ஸில் வாழும் முஸ்லிம்களில் பெரும்பாலோர் அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா ஆகிய வட ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பத்தினர். அவர்களில் ஒருவருக்கு வேலை கிடைக்காமற் போனால், அதற்குக் காரணம் அவர் மதமா, இனமா, அல்ஜீரிய யுத்தம் இரு தரப்பிலும் விட்டுச் சென்ற கசப்பா, பெற்றோரின் வறுமையா என்று பிரித்தறிய வழியில்லை. அரசாங்கப் புள்ளிவிவரமும் உதவாது. பிரெஞ்சுக் குடிக்கணக்கில் மதத்தைக் கேட்பது 1872-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. செனகலிலோ செரேர், ஜோலா என்ற இரு சமூகங்களில் முஸ்லிம்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு. ஒரே மொழி பேசி, ஒரே குலப்பெயர் தாங்கி, 1970-களின் கொடிய வறட்சிக் காலத்தை அடுத்து ஒரே விதமான துயரத்தால் உந்தப்பட்டுப் பிரான்ஸுக்கு வந்து சேர்ந்தவர்கள். நிறம் ஒன்று, நாடு ஒன்று, வந்த காரணமும் ஒன்று என்று எல்லாவற்றையும் சமன் செய்துவிட்ட பிறகு எஞ்சி நிற்பது மதம் ஒன்றே. இந்தச் சமூகங்களின் குடும்பங்களை நேரில் விசாரித்தபோது, முஸ்லிம் குடும்பங்களின் மாத வருமானம் அவர்களுக்கு ஒப்பான கிறிஸ்தவக் குடும்பங்களுடையதைவிட ஏறக்குறைய 400 யூரோ குறைவாக இருந்ததையும் அவர்கள் கண்டார்கள்.

இந்தச் செய்தியைப் படிக்கிறவர்கள், அந்த அலுவலகங்களில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நெஞ்சில் நஞ்சு சுமந்தவர்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மேஜையின்மேல் நாற்பது மனுக்கள் கிடக்கின்றன. ஐந்து பேரைத்தான் அழைக்க முடியும். ஏதாவது ஒரு முகாந்திரத்தைக் கொண்டு கழிக்க வேண்டும். அப்படிக் கழிக்கும் கை ஒரு பெயரின்மேல் அரைக் கணம் தயங்கி, அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறது. அந்தக் கைக்குரியவரை அழைத்துக் கேட்டால், தாம் மத வித்தியாசம் பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்வார். அது பொய்ச் சத்தியமாகவும் இராது. மறுக்கப்பட்ட பெண்ணுக்கோ, தன்னைவிடத் தகுதியுடைய ஒருத்தி வந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. செய்தவருக்கும் தெரியாமல், பட்டவருக்கும் தெரியாமல் நிகழ்ந்துவிடுகிற இந்த அநீதி, நூற்றுக்கணக்கான மனுக்களை ஒருசேர எண்ணிப் பார்க்கும்போது மட்டுமே கண்ணுக்குப் புலப்படுகிறது. சமூகவியல் என்ற சாஸ்திரம் மனித குலத்துக்குச் செய்திருக்கும் உபகாரங்களில் இதனை முதல் வரிசையில் வைக்கத் தயங்க மாட்டேன்.

மக்களிடமே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாதா என்று ஒரு கேள்வி எழும். துவேஷம் உண்டா என்று மனிதரிடமே கேட்டறிவது, வியாபாரியிடமே அவன் தராசு சரியானதா என்று விசாரிப்பதற்கு ஒப்பாகும். இதில் ஒரு விசித்திரம் என்னவென்றால், சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளி ஒரே திசையில் மட்டும் இருப்பதில்லை. 1930-களின் தொடக்கத்தில் ரிச்சர்டு லாப்பியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், சீன இளைஞர் ஒருவரையும் அவர் மனைவியையும் உடன் அழைத்துக்கொண்டு அமெரிக்கா முழுவதும் மோட்டாரில் பிரயாணம் செய்தார். சீனர்மீது வெறுப்பு மிகுந்திருந்த காலம் அது. அவர்கள் படியேறிய 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒன்றே ஒன்றுதான் ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பியது. சில மாதங்களுக்குப் பின் அதே இடங்களுக்கு, சீனரை உபசரிப்பீர்களா என்று கடிதம் எழுதிக் கேட்டபோது, பதில் தந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேற்பட்டோர் மாட்டோம் என்று எழுதினார்கள்! அன்றைய அமெரிக்காவில் வாய் கொடுமையாகப் பேசிற்று, கை இரக்கத்தோடு நடந்துகொண்டது. இன்றைய நாகரிக உலகத்தில் வாய் இனிமையாகப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டது. கைதான் வேறு விதமாக நடக்கிறது. 1934-இல் வெளிவந்த லாப்பியரின் சிறு கட்டுரைக்குப் பிறகு, மனிதர் சொல்வதைக் கொண்டு மட்டும் அவர்களை அளக்கலாகாது என்ற எச்சரிக்கையை இந்தத் துறையில் எவரும் மறந்ததில்லை.

நம் தேசத்தின் நிலைமை என்ன? 2005-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தொடங்கி 66 வாரங்கள், சுகதேவ் தோரட், பால் ஆட்டவெல் என்ற இரு அறிஞர்களின் குழு, இந்தியாவின் பெரிய ஆங்கிலத் தினசரிகளில் தனியார் கம்பெனிகள் வெளியிட்ட வேலை விளம்பரங்களைக் கத்தரித்து எடுத்து, அவற்றுக்கு ஒரே தகுதியுடைய இளம் பட்டதாரிகளின் பெயரில் மனுக்களை அனுப்பிவந்தது. மனுவில் சாதி குறிப்பிடப்படவில்லை, மதம் குறிப்பிடப்படவில்லை. ஒரு பெயர் மேல்சாதி இந்துப் பெயர், ஒன்று தலித் பெயர், ஒன்று முஸ்லிம் பெயர். 548 விளம்பரங்கள், 4,808 மனுக்கள். அழைப்பு வரும் வாய்ப்பை மேல்சாதிப் பெயருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், தலித் பெயருக்கு அது மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கியது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிப்போயிற்று. தகுதிக்கே முதலிடம், திறமைக்கே மரியாதை என்று மேடைதோறும் முழங்கிவருகிற தனியார் துறையைப் பற்றிய விவரம் இது.

இதற்கு மாறான சாட்சியமும் உண்டு. அதை மறைப்பது ஆராய்ச்சிக்கு அழகன்று. அபிஜித் பானர்ஜியும் அவருடைய சகாக்களும் டில்லியில் மென்பொருள் நிறுவனங்களுக்கும் தொலைபேசிச் சேவை நிலையங்களுக்கும் 3,160 மனுக்களை அனுப்பிச் சோதித்து, 2009-இல் வெளியிட்ட முடிவில், மென்பொருள் வேலைகளில் சாதிப் பாரபட்சத்துக்குச் சான்று கிட்டவில்லை என்றும், முஸ்லிம் பெயர்களுக்கு எதிரான பாரபட்சமும் தென்படவில்லை என்றும் எழுதினார்கள். கையிலுள்ள தொழில்நுட்பத் தேர்ச்சியைச் சுலபமாக அளந்துவிடக்கூடிய வேலையில் பெயருக்கு மதிப்புக் குறைகிறது. மனிதரைப் பார்த்து, பழகி, இவர் நமக்கு ஒத்துவருவாரா என்று யோசித்துச் சேர்த்துக்கொள்ளுகிற வேலையில் பெயர் பெரிதாகிறது. இது என் ஊகமே. ஆயினும் வாடகை வீட்டின் வாசலில் நிற்கும்போது அந்த ஊகம் பலப்படுகிறது. குடிவர விரும்புகிறவரின் திறமையை அங்கே எவரும் விசாரிப்பதில்லை.

வாடகை வீட்டைத் தேடி அலைந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டிய அவசியம் இல்லை. தொலைபேசியில் முதலில் குரல் இனிமையாகவே ஒலிக்கிறது, எத்தனை அறை, எவ்வளவு முன்பணம், தண்ணீர் எப்படி என்றெல்லாம் பேச்சு நடக்கிறது, “உங்க பேர் என்ன சொன்னீங்க?” என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும் சிறிது நேரம் மௌனம்; பிறகு, “வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்,” அல்லது “நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்.” வாசலில் தொங்கும் அட்டையில் ‘சைவம் மட்டும்’ என்று எழுதியிருப்பது பல சமயங்களில் உணவைப் பற்றிய அறிவிப்பு மட்டும் அன்று என்பதை வீட்டுக்காரரும் அறிவார், தரகரும் அறிவார், படித்துவிட்டு நகருகிறவரும் அறிவார். டில்லியிலும் அதன் சுற்றுப்புற நகரங்களிலும் தோரட்டும் அவர் குழுவினரும் இதனை முறைப்படி ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். தொலைபேசியில் விசாரித்த மேல்சாதி இந்துக்களில் ஒருவரையும் எந்த வீட்டுக்காரரும் மறுக்கவில்லை. தலித்துகளில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கும், முஸ்லிம்களில் நூற்றுக்குச் சுமார் 31 பேருக்கும் எடுத்த எடுப்பிலேயே மறுப்பு. கூடுதல் வாடகை என்றும் வேறு நிபந்தனை என்றும் கேட்டவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இவற்றோடு பியூ ஆராய்ச்சி நிலையம் 2019-ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து 2020-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை 17 மொழிகளில் ஏறத்தாழ 30,000 இந்தியரிடம் நடத்திய விசாரணையைச் சேர்த்துப் பார்த்தால், நம் சமுதாயத்தின் மனப்பாங்கு ஒருவாறு தெளிவுபடும். எல்லா மதங்களையும் மதிப்பது உண்மையான இந்தியருக்கு மிக முக்கியம் என்று நூற்றுக்கு 84 பேர் சொன்னார்கள். அதே விசாரணையில், முஸ்லிம் ஒருவர் அண்டை வீட்டில் குடியிருப்பதை ஏற்க மாட்டோம் என்று இந்துக்களில் நூற்றுக்கு 36 பேர் சொன்னார்கள். தங்கள் பெண்கள் வேற்று மதத்தில் மணம் செய்துகொள்வதைத் தடுப்பது மிக முக்கியம் என்று இந்துக்களில் மூன்றில் இரண்டு பங்கினரும், முஸ்லிம்களில் ஐந்தில் நான்கு பங்கினரும் கருதினார்கள். மதிப்பதும் இப்படி விலக்குவதும் முரண் என்று அயல்நாட்டு வாசகர் திகைக்கலாம். நமக்குத் திகைப்பில்லை. மதிப்பது வேறு, பக்கத்தில் வைத்துக்கொள்வது வேறு என்ற ஏற்பாட்டைச் சாதி முறையின்கீழ் நூற்றாண்டு நூற்றாண்டாகப் பயின்று தேர்ந்தவர்கள் நாம். அந்தப் பயிற்சியே மதத்துக்கும் நீண்டிருக்கிறது. விலகியிருந்து மரியாதை செய்வதைச் சகிப்புத்தன்மை என்று கொண்டாடுவதில் எனக்குச் சம்மதமில்லை, ஏனெனில் விலக்கப்பட்டவருக்கு அந்த மரியாதையால் குடியிருக்க ஓர் அறைகூடக் கிடைப்பதில்லை.

மதம் பொது வாழ்க்கையில் பகிரங்கமாகத் தோன்றும்போது ஏற்படும் கலக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். சென்ற நூற்றாண்டின் மத்தியில் சமூகவியலாளர் பலர், கல்வியும் விஞ்ஞானமும் பரவப் பரவ மதம் வீட்டுப் பூஜை அறைக்குள் ஒடுங்கிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். அந்தக் கொள்கையின் பிரதான ஆசிரியர்களில் ஒருவராகிய பீட்டர் பெர்கர் பிற்காலத்தில் தம் கணிப்புத் தவறிவிட்டது என்று தாமே எழுதினார். ஈரான் புரட்சியையும் போலந்துத் தொழிலாளர் இயக்கத்தின் பின்னே நின்ற கத்தோலிக்கத் திருச்சபையையும் எடுத்துக்காட்டி, மதங்கள் பொது மன்றத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருப்பதை 1994-இல் ஹோசே கசனோவா என்ற சமூகவியலாளர் ஒரு நூலில் விளக்கினார். இஸ்லாம் ஒன்றுக்குத்தான் இந்தக் குணம் உண்டு என்பது போலப் பேசுகிறவர்கள் அந்த நூலைப் படிப்பது நல்லது.

பிரான்ஸில் 1989-இல் பாரிஸுக்கு வடக்கே கிரேய் என்ற ஊரில் தலைமுக்காட்டை எடுக்க மறுத்த மூன்று மாணவிகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து விலக்கியதில் தொடங்கிய சர்ச்சை, 2004-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15-ஆம் தேதியிட்ட சட்டத்தில் போய் முடிந்தது. அரசாங்கப் பள்ளிகளில் மதச் சின்னங்களை வெளிப்படையாக அணிவது தடை செய்யப்பட்டது. அதன் பலன் என்ன என்பதில் ஆராய்ச்சியாளர்கள் ஒருமனப்படவில்லை. 2004-ஆம் ஆண்டுத் தடையால் முஸ்லிம் பெண்களின் உயர்நிலைப் பள்ளிப் படிப்புப் பாதிக்கப்பட்டது என்று ஆலா அப்தெல்காதிரும் வசிலிகி ஃபௌகாவும் கண்டார்கள். அதற்குப் பத்தாண்டு முன்னர், 1994-இல் கல்வி மந்திரி மதச் சின்னங்களைத் தடுக்கச் சொல்லி அனுப்பிய சுற்றறிக்கையால் அவர்கள் படிப்பு உயர்ந்தது என்று எரிக் மோரேனும் அவருடைய சகாவும் கண்டார்கள். இரண்டும் கவனத்தோடு செய்யப்பட்ட ஆராய்ச்சிகளே. சுவிட்சர்லாந்தில் 2009 நவம்பரில் நூற்றுக்கு 57.5 பேர் வாக்களித்துப் புதிய மினார்களுக்குத் தடை விதித்தபோது, அந்த தேசம் முழுவதிலும் இருந்த மினார்கள் நான்கே நான்கு. கண்ணால் கண்டிராத கோபுரத்துக்கு இத்தனை அச்சம்.

அடையாளத்தைப் பகிரங்கமாகக் காட்டிக்கொள்ளும் வேட்கை எங்கிருந்து பிறக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல ஆராய்ச்சி உண்டு. மாட்டிசன் மைன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் சென்னைக்கு அடுத்த பல்லாவரத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகளிடையே தங்கி ஆராய்ந்து, 1972-இல் ஒரு நூலும் 1975-இல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். சொந்தக் கிராமத்தில் இன்னாருடைய பேரன் என்று ஊரே அறிந்திருப்பதால், மார்க்க அனுஷ்டானத்தைக் கொண்டு தன்னை அறிவித்துக்கொள்ளும் தேவை அவர்களுக்கு இல்லை. எவரும் எவரையும் அறியாத நகரத்துக்கு வந்தபின், இஸ்லாமிய ஒழுக்கத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்வதே மதிப்புக்கும் கூட்டுறவுக்கும் வழியாகிறது. கிராமத்திலிருந்து வந்த பழமை என்று நாம் நினைப்பது பல சமயங்களில் நகரம் பிறப்பித்த புதுமையாக இருக்கிறது.

இனி, இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் நெருக்கமான ஆராய்ச்சிக்கு வருகிறேன். அசுதோஷ் வார்ஷ்ணே 2002-இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: மதக் கலவரம் ஏன் சில ஊர்களிலேயே திரும்பத் திரும்ப நடக்கிறது? 1950 முதல் 1995 வரை நடந்த இந்து முஸ்லிம் கலவரங்களைப் பத்திரிகைச் செய்திகளிலிருந்து தொகுத்துப் பார்த்ததில், கிராமங்களில் நேர்ந்த மரணங்கள் மொத்தத்தில் நூற்றுக்கு 4-க்கும் குறைவு என்பதும், எட்டு நகரங்களில் மட்டும் நூற்றுக்கு 46 பங்கு மரணம் நேர்ந்திருக்கிறது என்பதும் தெரியவந்தன. அப்படியானால் மதம் என்பது பொதுக் காரணமாக இருக்க முடியாது. அது எங்கும்தான் இருக்கிறது. ஆகவே அவர் ஒத்த ஊர்களை இரண்டிரண்டாக எடுத்து, ஒன்று எரியும்போது மற்றது ஏன் அமைதியாக இருந்தது என்று ஆராய்ந்தார். அலிகாரும் கோழிக்கோடும் அப்படிப்பட்ட ஓர் இணை. இரண்டிலும் முஸ்லிம்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கோழிக்கோட்டில் இந்து முஸ்லிம் குடும்பங்கள் சேர்ந்து உண்பது உண்டு என்று நூற்றுக்கு 83 பேர் சொன்னார்கள். அலிகாரில் 54 பேர். பிள்ளைகள் ஒன்றாக விளையாடுகிறார்கள் என்று கோழிக்கோட்டில் நூற்றுக்குச் சுமார் 90 பேர் சொல்ல, அலிகாரில் 42 பேரே சொன்னார்கள்.

ஆனால் வார்ஷ்ணே அழுத்திச் சொல்வது உண்பதையும் விளையாடுவதையும் அன்று. பக்கத்து வீட்டுச் சிநேகம் சாதாரண நாளில் இனிப்பது; ஒரு பெரிய வதந்தி கிளம்பும் இரவில் அது கதவைத் தாழிட்டுக்கொள்கிறது. நகரத்தைக் காப்பாற்றுவது சங்கம் கூடிச் செய்யும் உறவு என்பது அவர் கண்ட முடிவு. கோழிக்கோட்டில் வணிகர் சங்கத்திலும், சுமை தூக்கும் தொழிலாளர் சங்கத்திலும், வாசகசாலைகளிலும், கலைக் கழகங்களிலும் இரு மதத்தவரும் ஒரே உறுப்பினர் பட்டியலில் இருந்தார்கள். வணிகர்களிடையே பெருந்தொகை வியாபாரமும் எழுத்தின்றி வாய்ச்சொல்லை நம்பி நடந்தது. ஒருவர் கடை எரிந்தால் மற்றவர் பணமும் சேர்ந்து எரியும். அலிகாரின் பூட்டுத் தொழிலிலோ முஸ்லிம் உற்பத்தியாளர் தம் சமூகத்தவரிடமே கடன் வாங்கினார். இரு சாராரும் ஒருவரையொருவர் நம்பிப் பிழைக்க வேண்டிய கட்டாயம் ஏற்படவே இல்லை.

இந்த வேற்றுமை நெருக்கடி வந்த நாட்களில் எப்படி வெளிப்பட்டது என்று பாருங்கள். 1990-ஆம் ஆண்டின் கடைசியில், அலிகார் பல்கலைக்கழக மருத்துவமனையில் இந்து நோயாளிகள் கொல்லப்படுகிறார்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகைகளே எழுதின. அது முற்றிலும் பொய். பொய் என்று தெரியவருவதற்குள் உயிர்கள் போய்விட்டன. அயோத்தி விவகாரம் கொதித்த அதே ஆண்டுகளில் கோழிக்கோட்டிலும் வதந்திகளுக்குக் குறைவில்லை. மசூதிக்குள் பன்றியை எறிந்துவிட்டார்கள் என்றும், கோயிலைத் தாக்கிவிட்டார்கள் என்றும் பேச்சுப் பரவிற்று. இரு மதத்தவரும் கலந்திருந்த சமாதானக் குழுவினர் விசாரித்து உண்மையைச் சொன்னார்கள், பத்திரிகைகள் அதை வெளியிட்டன, ஊர் தூங்கிற்று. கோழிக்கோட்டுவாசிகள் பிறவியிலேயே சாதுக்கள் அல்லர். கோழிக்கோடு அடங்கிய மலபாரில் 1921-இல் மூண்ட கலகத்தில் ஓடிய இரத்தத்தை அறிந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். அவர்கள் பிற்காலத்தில் கட்டிக்கொண்ட ஏற்பாடு அவர்களைக் காத்தது.

பால் பிராஸ் போன்ற அறிஞர்கள் இதற்கு மறுப்புக் கூறியிருக்கிறார்கள். அலிகாரிலேயே பல்லாண்டு ஆராய்ந்த பிராஸ், கலவரம் தானாக மூள்வதில்லை, அதை மூட்டுவதற்கென்றே அரசியல் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள் என்று 2003-இல் எழுதினார்; தேர்தல் கணக்குப் பார்த்தே அரசாங்கங்கள் போலீஸை ஏவுகின்றன, அல்லது ஏவாமல் இருக்கின்றன என்று ஸ்டீவன் வில்கின்சன் 2004-இல் எழுதினார். இவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்பதை 1992-க்குப் பிந்திய நம் சரித்திரத்தைப் படித்தவர் மறுக்க இயலாது. ஆயினும் மூட்டுகிறவன் எல்லா ஊரிலும் உண்டு. மூண்டுவிடுவது சில ஊர்களில்தான். வார்ஷ்ணேயின் கேள்வி அதனால் பழுதாகிவிடவில்லை.

பழக்கம் துவேஷத்தைப் போக்குமா என்ற கேள்விக்கும் ஆராய்ச்சி நிதானமான பதிலையே தருகிறது. சமமான அந்தஸ்து, ஒரே நோக்கம், கூடி உழைத்தல், மேலதிகாரத்தின் ஆதரவு ஆகிய நான்கும் வாய்த்தால் பழக்கம் பயன் தரும் என்று கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே எழுதினார். அதனை அண்மையில் மிகக் கடினமான ஒரு மண்ணில் சோதித்தவர் சல்மா மூசா. ஐஎஸ் இயக்கத்தின் கொடுமையால் வீடிழந்து ஓடிய வட ஈராக்கியக் கிறிஸ்தவ இளைஞர்களுக்குக் கால்பந்துப் போட்டிகளை ஏற்பாடு செய்து, குலுக்கல் முறையில் சில அணிகளில் முஸ்லிம் ஆட்டக்காரரைச் சேர்த்தார். ஆறு மாதம் கழிந்த பின்னும், கலந்து ஆடியவர்கள் முஸ்லிம்களோடு பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அடுத்த பருவத்திலும் கலப்பு அணியில் பெயர் கொடுத்தார்கள். ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மோசுல் நகரத்து உணவகத்துக்குப் போய்ச் சாப்பிடும் அளவுக்கு மனம் மாறவில்லை. 2020-இல் வெளிவந்த இந்த முடிவை நான் தோல்வி என்று கருதவில்லை. உயிருக்கு அஞ்சி ஓடிய பிள்ளைகள் எதிரியென்று நினைத்த சமூகத்தாருக்குப் பந்தைத் தட்டிக் கொடுத்தார்கள் என்பது அற்பமான காரியமா? மைதானத்தில் பெற்ற நட்பு வீதிக்கு வந்து சேரப் பந்து மட்டும் போதாது, வேறு ஏற்பாடுகளும் வேண்டும் என்றே அது சொல்கிறது.

அந்த ஏற்பாடுகளில் சட்டம் தலையாயது. இந்திய அரசியல் சாசனத்தின் 16-ஆவது பிரிவு அரசாங்க உத்தியோகத்தில் மத வித்தியாசத்தைத் தடுக்கிறது; 15-ஆவது பிரிவு கடைகளிலும் உணவகங்களிலும் தடுக்கிறது. தனியார் கம்பெனியின் வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் மத வித்தியாசத்தைத் தடுக்கும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. ஆமதாபாத்தைச் சேர்ந்த ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கம் தன் மதத்தவருக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. சட்டம் இருந்தாலும் போதுமா என்று கேட்பீர்கள். கதீஜாவுக்கு அழைப்பு வராத பிரான்ஸில் மதப் பாரபட்சம் குற்றமே. சட்டம் மட்டும் போதாது என்பது மெய்தான். அதனால்தான் பிரெஞ்சு நீதிமன்றங்கள் பாரபட்சத்தைக் கண்டறிய நடத்தப்படும் பரிசோதனைகளையே சாட்சியமாக ஏற்கத் தொடங்கின. 2006-இல் அது சட்டத்திலும் இடம் பெற்றது. ஆராய்ச்சியாளரின் அளவுகோல் அங்கே நீதிபதியின் கைக்கும் வந்துவிட்டது.

முஸ்லிம்கள் ஜனத்தொகையில் நூற்றுக்கு 13.4 ஆக இருந்தும் இந்திய ஆட்சிப் பணியில் நூற்றுக்கு 3 ஆகவே இருந்ததை 2006 நவம்பரில் எடுத்துக்காட்டிய நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு, பாரபட்சம் பற்றிய முறையீடுகளை விசாரிக்கச் சமவாய்ப்பு ஆணையம் ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. பேராசிரியர் மாதவ மேனன் தலைமையிலான நிபுணர் குழு 2008-இல் அதற்கான நகல் மசோதாவையும் தயாரித்துக் கொடுத்தது. எந்தக் கட்சி ஆண்டபோதும் அது சட்டமாகவில்லை. வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது இது: அடுத்த தேர்தலில் உங்கள் தொகுதிக்கு வாக்குக் கேட்டு வருகிறவரிடம், தனியார் வேலையிலும் வாடகை வீட்டிலும் சாதி மத பேதத்தைத் தடுக்கும் சட்டத்துக்கு அவர் கை தூக்குவாரா என்று கேளுங்கள். உங்களில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களும், ஆள் எடுக்கும் பொறுப்பிலுள்ளவர்களும் அந்தச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.